திரையிசைக் கச்சேரிக்கு இவ்வளவு செலவாவது ஏன்?

பல்லாவரம்வாசி: சென்னைப் புறநகர்த் திடல்களில் நடக்கும் திரையிசை நிகழ்ச்சிக்குக் குடும்பத்தோடு போவதென்றால், நுழைவுச்சீட்டு, இணையத்தில் தனியாகப் பிடிக்கும் முன்பதிவுக் கட்டணம், வண்டி நிறுத்தம், உள்ளே விற்கும் தண்ணீர் பாட்டில் என்று ஒரு மாத மளிகைச் செலவே ஆகிவிடுகிறது. பாடகர்களின் சம்பளம் மட்டும்தான் இதற்குக் காரணமா?

ஒலிமேடை: சம்பளம் பெரும்பங்குதான், ஆனால் அதோடு முடிவதில்லை. சபா அரங்கில் மேடையும் நாற்காலியும் ஏற்கெனவே இருக்கின்றன. வெறும் திடலிலோ மேடை, ஒலிபெருக்கி, எல்இடி திரை, ஜெனரேட்டர், தடுப்புவேலி, தற்காலிகக் கழிப்பறை, பாதுகாவலர் என அனைத்தையும் ஓரிரவுக்காக வாடகைக்கு எடுத்து, விடிவதற்குள் பிரித்து லாரியில் ஏற்றியாக வேண்டும். மழையால் தேதி தள்ளிப்போனால் இரட்டைச் செலவு.

கணக்குப்பிள்ளை: வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இசை நிகழ்ச்சிக் கட்டணம் ஒருவருக்கு 500 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி இல்லை. அதைத் தாண்டினால் முழுத்தொகைக்கும் 18 சதவீதம் என்பதால், 501 ரூபாய்ச் சீட்டு கைக்கு வரும்போது 591 ரூபாயைக் கடந்துவிடும்.

மயிலைக் கிழவர்: மார்கழியில் வாருங்கள், தம்பி. சபாக்களில் இளம் வித்வான்களின் பிற்பகல் கச்சேரிகள் பலவற்றை இலவசமாகவே கேட்கலாம். (கேன்டீன் பக்கம் போனால் நான் பொறுப்பல்ல.)

பல்லாவரம்வாசி: நன்றி, ஐயா. நானும் மார்கழி ரசிகன்தான். ஆனால் என் மகளுக்கோ ஆயிரக்கணக்கானோரோடு நின்று உரக்கப் பாட வேண்டும். வரியும் முன்பதிவுக் கட்டணமும் உள்ளடங்கிய விலையை விளம்பரத்திலேயே அச்சிட்டால், போகலாமா வேண்டாமா என்பதை வீட்டிலேயே முடிவுசெய்துகொள்வோம்.