நாலாம், அஞ்சாம் வகுப்பு பிள்ளைங்களுக்கு விவசாயத்த எப்படி சொல்லிக்குடுக்கறது?

டெல்டா டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். பட்டுக்கோட்டை பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளியில நாலு, அஞ்சு ரெண்டு வகுப்பையும் சேத்து பாக்குறேன். ஒளிச்சேர்க்கைன்னா என்னன்னு கேட்டா பிள்ளைங்க அப்படியே ஒப்பிக்குது, ஆனா குறுவை, சம்பான்னு ரெண்டு நெல் போகத்துக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா வயலுக்கு நடுவுல குடியிருக்கிற பிள்ளையே முழிக்குது. அடிபம்பு பக்கத்துல ஒரு சென்ட் இடம் சும்மா கெடக்கு, தோட்டம் போடலாம்னு ஆசை. ஆனா ஏப்ரல், மே லீவுல யாரு தண்ணி ஊத்துறது? இன்னொண்ணு, சில பெத்தவங்க "நாங்கதான் சேத்துல கெடக்குறோம், புள்ளையாச்சும் படிக்கட்டும்னு அனுப்புனா நீங்களும் மம்பட்டியத்தான் குடுக்குறீங்களா"ன்னு கேக்குறாங்க, அவங்க கேக்குறதும் நியாயம்தான். எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?

பழைய ஹெச்எம்:
லீவ நினைச்சு பயப்படாதீங்க டீச்சர். பள்ளிக்கூடம் திறந்த உடனே முளைக்கீரை விதைங்க, மூணு நாலு வாரத்துல பறிச்சு சத்துணவுக்கு குடுத்துடலாம், சின்னப் பிள்ளைங்களுக்கு பலன் சீக்கிரம் கண்ணுல படணும். அப்புறம் ஆடிப்பட்டத்துல வெண்டை, கொத்தவரை, அவரை. ஒவ்வொண்ணுலயும் நல்ல செடியா ஒண்ணு ரெண்ட மட்டும் பறிக்காம காய் செடியிலயே முத்திக் காயுற மாதிரி நெத்தாக விட்டுருங்க. அந்த விதைய எடுத்து காயவச்சு சாம்பல்ல பெரட்டி டப்பாவுல போட்டு பிள்ளைங்க கையாலயே தேதி எழுதச் சொல்லுங்க. கோடையில நிலம் சும்மா கெடக்கட்டும், விவசாயி நிலமும் அப்ப தரிசாத்தானே கெடக்கு. அடுத்த வருஷம் அதே விதைய அதே பிள்ளைங்க போடுறப்ப வாழ்க்கைச் சுழற்சி பாடத்துக்கு தனியா படம் வரைய வேண்டிய வேலையே இல்ல.

புதுஆத்து பாசனம்:
நான் விவசாயி, வாத்தியார் இல்ல, தப்பா இருந்தா சொல்லுங்க. குறுவை, சம்பாவ தண்ணிய வச்சு சொல்லிக்குடுங்க மேடம். ஒரு நீளமான பேப்பர்ல பன்னண்டு மாசத்தையும் எழுதி நம்ம கல்லணைக் கால்வாய்ல எப்ப தண்ணி வருதுன்னு நீலக் கலர் அடிக்கச் சொல்லுங்க. மேட்டூர் வழக்கமா ஜூன் 12 திறப்பாங்க, அந்தத் தண்ணிய நம்பி போடுறது குறுவை, அதுக்கு ஏடிடி 43 மாதிரி 110 நாள் நெல்லு. வடகிழக்கு மழைய நம்பி நிக்கிறது சம்பா, சிஆர் 1009 எல்லாம் அஞ்சு மாசத்துக்கு மேல போவும். மழை மேலயும் நெல்லு கீழயும் ஒரே பேப்பர்ல வந்துட்டா காரணம் அதுங்களுக்கே புரிஞ்சுடும்.

அப்புறம் தை மாசம் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி ஈரத்துலயே உளுந்து தெளிப்போம்ல, அது பூ எடுக்கையில பிள்ளைங்கள வயலுக்கு கூட்டிட்டு வாங்க. ஒரு செடிய வெடுக்குன்னு இழுக்காம மண்ணோட பேத்து எடுத்து வாளித் தண்ணியில அலசினா வேர்ல சின்னச் சின்ன முண்டு இருக்கும். நகத்தால கீறுனா உள்ள ரோஸ் கலரு. அதுக்குள்ள இருக்கிற பாக்டீரியாதான் காத்துல உள்ள நைட்ரஜன செடிக்கு உரமா மாத்துது, ரோஸா இருந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம், பச்சையோ பழுப்போ ஆயிட்டா ஓஞ்சுபோச்சு. யூரியா மூட்டைய பாத்தே வளர்ற பிள்ளைக்கு இத காட்டிப்பாருங்க, கண்ணு விரியும். இதச் சொல்ல அந்தப் பிள்ளையோட அப்பாவையோ அம்மாவையோவே கூப்பிடுங்க. பள்ளிக்கூடம் தன்ன மதிச்சு பாடம் எடுக்க கூப்பிட்டா மம்பட்டி கேள்வி பாதி கொறஞ்சிடும்.

ரெண்டு பிள்ளைங்க அம்மா:
பாதிதான் கொறையும் சார், மீதி, வேலைய யாருக்கு குடுக்குறாங்கங்கறதுல இருக்கு. எப்பப் பாத்தாலும் ஒரே தெருப் பிள்ளைங்க கொடம் தூக்குறதும் மத்த பிள்ளைங்க நோட்டுல எழுதுறதுமா இருந்தா அதுக்குப் பேரு பாடம் இல்ல. சுழற்சி போட்டு சுவத்துல ஒட்டுங்க டீச்சர். பூச்சி மருந்து டப்பா, காலி பாட்டில்கூட, பிள்ளைங்க கைக்கு போகவே கூடாது.

பூச்சி நோட்டு:
நானும் தொடக்கப் பள்ளி டீச்சர்தான். மருந்து பேச்சு வந்ததால இத சொல்றேன். அவரையில அசுவினி, அதான் சாறு உறிஞ்சுற குட்டிப் பூச்சி, வந்த உடனே பிடுங்கிப் போட்டுடாதீங்க, அதுதான் நல்ல பாடமே. பக்கத்துலயே பொறிவண்டு வரும், அதோட புழு பாக்க வண்டு மாதிரியே இருக்காது, கறுப்பா நீளமா ஆரஞ்சு புள்ளியோட குட்டி முதலை மாதிரி ஊரும். பிள்ளைங்க கெட்ட பூச்சின்னு நசுக்கப் போவும், நிறுத்தி பூதக்கண்ணாடிய குடுத்து பத்து நிமிஷம் பாக்க விடுங்க, அசுவினிய ஒண்ணொண்ணா புடிச்சு திங்கறத பாத்துட்டா அப்புறம் அதுங்களே காவல் நிக்கும். பாத்தத தேதி போட்டு வரையட்டும், படம் கோணலா இருந்தா திருத்தாதீங்க, கால் எத்தனைன்னு மட்டும் கேளுங்க.

டெல்டா டீச்சர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சுழற்சி அட்டவணைய இன்னைக்கே எழுதுறேன், பொண்ணு பையன்னு பிரிக்காம. உளுந்து வயலுக்கு முன்னாடியே பெத்தவங்ககிட்ட எழுதி வாங்கிடுறேன். நாட்டு வெண்டை, அவரை விதை கலப்பில்லாம எங்க கெடைக்கும்? ஹைப்ரிட்னா அதுலேருந்து எடுக்குற விதை ஒரே மாதிரி வராதுல்ல.

புதுஆத்து பாசனம்:
ஆமா, ஹைப்ரிட் வேணாம். கொல்லையில அம்மா வருஷா வருஷம் எடுத்து வைக்கிற விதை இருக்கு, மெசேஜ் போடுங்க, கொண்டாந்து தாரேன்.