ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங்: டெம்ப்ளேட் கொடுக்கலாமா, கூடாதா?

மாடி வகுப்பு:
தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டை மாடி ஷெட்டில் ஐஇஎல்டிஎஸ் சொல்லிக் கொடுக்கிறேன், வெளிநாடு போக எழுதுகிற ஆங்கிலத் தேர்வு. பதினோரு பேர். பாதிப் பேர் நர்சிங் முடித்தவர்கள். போன வாரம் ஒரு பெண்ணுக்கு ரிசல்ட் வந்தது. ரீடிங், லிசனிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 9 பேண்டுக்கு 7. ரைட்டிங்கில் 5.5. பிரிட்டன் நர்சிங் கவுன்சிலுக்கு ரைட்டிங்கில் 6.5 வேண்டும். 2018 டிசம்பருக்கு முன்னால் அதற்கும் 7 கேட்டார்கள். குறைத்த பிறகும் இவளுக்கு எட்டவில்லை.

பரீட்சையில் எழுதியதை நினைவிலிருந்து திரும்ப எழுதச் சொன்னேன். ஊருக்கு நடுவே கார்களைத் தடை செய்யலாமா என்பது மாதிரி ஒரு கேள்வி. முதல் வரி: "இன் திஸ் மாடர்ன் எரா, இட் இஸ் எ ஹைலி டிபேட்டபிள் டாபிக்..." அடுத்தது: "எவ்ரி காயின் ஹாஸ் டூ சைட்ஸ்." நாற்பது சொல் தாண்டியும் கார் வந்து சேரவில்லை! என்னிடம் வருவதற்கு முன் படித்த ஒரு சென்டரில் பழகியது. பதற்றத்தில் அதுதான் கைக்கு வந்திருக்கிறது. இனி என் வகுப்பில் இப்படி எந்தக் கேள்விக்கும் ஒட்டுகிற மனப்பாட வரி, அதாவது டெம்ப்ளேட்டே கிடையாது என்று சொல்லிவிட்டேன். சரிதானே?

பழைய பெஞ்ச்:
தவறு. நான் வியாசர்பாடிப் பக்கம் பள்ளியில் ஆங்கிலம் எடுத்து ஓய்வு பெற்றவன். வீட்டில் ஆங்கிலப் பேப்பர் புரட்டி வளர்ந்த பிள்ளைக்கு வெள்ளைத் தாளைக் கொடுத்தால் எதையாவது எழுதும். நம் பிள்ளைகளுக்கு அந்த வெள்ளைத் தாள்தான் முதல் எதிரி. மொத்தம் 60 நிமிஷம், இரண்டு கேள்வி. முதலாவதற்கு 150 சொல், இரண்டாவதற்கு 250 சொல்லாவது வேண்டும். முதல் வரிக்கே பத்து நிமிஷம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தால் எங்கே முடிப்பது? கோலம் போடுகிறவள் புள்ளி வைக்காமலா இழுக்கிறாள்?

மாடி வகுப்பு:
புள்ளி வைக்கட்டும் சார், வேண்டாம் என்று யார் சொன்னது? எந்தப் பத்தியில் என்ன வரும் என்று நானும் கட்டம் போட்டுத்தான் தருகிறேன். நான் வேண்டாம் என்பது ஸ்டிக்கர் கோலத்தை. ஒட்டினால் வாசலுக்கு வாசல் ஒரே கோலம். ஆயிரக்கணக்கில் தாள் திருத்துகிறவருக்கு அது தெரியாதா?

பெயர் வேண்டாம்:
சாட்ஜிபிடியில் போட்டால் அரை நிமிஷத்தில் 9 பேண்ட் கட்டுரை வரும். அதை நாலு தடவை படித்தால் போதாதா?

பழைய பெஞ்ச்:
ஹாலுக்குள் அது வருமா தம்பி?

நைட் டூட்டி:
நான் இரண்டு தடவை எழுதியவள், நர்ஸ். முதல் தடவை 6, அடுத்த தடவை 6.5. என் அனுபவத்தில் இரண்டாவதாக வரும் கட்டுரையை விட, படத்தைப் பார்த்து விவரிக்கிற முதல் கேள்விதான் ஆளைக் கவிழ்க்கிறது. கோட்டுப் படத்தைக் காட்டினால் 1990இல் இவ்வளவு, 1995இல் இவ்வளவு என்று ரேஷன் கடைப் பட்டியல் மாதிரி அடுக்கிக்கொண்டே போவேன். மொத்தத்தில் என்ன நடந்தது என்று ஒரு வரி இருக்காது. அந்த ஓவர்வியூ இல்லாமல் அந்தப் பகுதியில் 5ஐத் தாண்டுவது கஷ்டம் என்பதே எனக்கு இரண்டாம் தடவைதான் தெரியும்.

புரிய வைத்தவர் எங்கள் வார்டு சீனியர் அக்கா. "டூட்டி மாறும்போது டெம்பரேச்சர் சார்ட்டை எப்படிச் சொல்லுவ? மணிக்கு மணி நம்பர் வாசிப்பியா? ராத்திரி பூரா ஏறிச்சு, விடிகாலைல இறங்கிச்சுன்னுதானே சொல்லுவ? அதை எழுது" என்றார். அதற்கப்புறம் எனக்கு டெம்ப்ளேட் தேவைப்படவில்லை.

மாடி சார், உங்கள் மாணவியிடம் ஓஇடி பற்றியும் சொல்லுங்கள், மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கான ஆங்கிலத் தேர்வு. அதன் ரைட்டிங்கில் ஒரே ஒரு கடிதம்தான். ஒரு நோயாளியின் கேஸ் நோட்ஸ் கொடுப்பார்கள். 5 நிமிஷம் படிக்க, 40 நிமிஷம் எழுத. 180 முதல் 200 சொல் வரை வந்தால் போதும். நோட்ஸில் இருப்பதையெல்லாம் கொட்டினால் அங்கேயும் அடிதான். கடிதத்தைப் படிக்கப்போகிறவருக்கு எது வேண்டுமோ அதை மட்டும் பொறுக்கி எழுத வேண்டும். நர்சுக்கு அது தினசரி வேலை.

ஐஸ்பெட்டி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் காசிமேடு, ஐஇஎல்டிஎஸ்ஸிலேயே ஜெனரல் டிரெய்னிங் என்கிற இன்னொரு வகை எழுதுகிறவன். எங்களுக்கு முதல் கேள்வியே கடிதம்தான். சொல்ல வேண்டிய மூன்று விஷயத்தை அவர்களே கேள்வியில் கொடுத்துவிடுவார்கள். மாதிரித் தேர்வில் நண்பனுக்குக் கடிதம் வந்தது, ஊருக்கு வரச் சொல்லி. நான் எப்படி ஆரம்பித்தேன் தெரியுமா? "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம்..." கை தானாகப் போய்விட்டது. ஆறாம் வகுப்பிலிருந்து நான் எழுதிய ஒரே ஆங்கிலக் கடிதம் லீவ் லெட்டர். நண்பனுக்கும் காய்ச்சல் வந்துவிட்டது.

அதற்கப்புறம் ஒரு அண்ணன் மூன்று தொடக்கம், மூன்று முடிவு எழுதிக் கொடுத்தார். தெரியாத அதிகாரி என்றால் "டியர் சார் ஆர் மேடம்", முடிவில் "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி". நண்பன் என்றால் பெயரைச் சொல்லித் தொடங்கு, "பெஸ்ட் விஷஸ்" போட்டு முடி. மனப்பாடம் செய்தேன், பிழைத்தேன். டெம்ப்ளேட்டே கூடாது என்றால் என்னைப் போன்றவன் என்ன செய்வது?

மாடி வகுப்பு:
கடிதத்தில் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன் ஐஸ்பெட்டி. அது ஆங்கிலக் கடிதத்தின் மரியாதை வழக்கம், அதைப் படித்துத்தான் ஆக வேண்டும். கட்டுரை அப்படி இல்லை. அதற்கு முதல் கேள்வியைப் போல இரண்டு மடங்கு கனம். முழுக்க மனப்பாடம் என்று நிரூபணமானால் பேண்ட் 0 என்று அவர்கள் வெளியிட்ட மதிப்பீட்டு அட்டவணையிலேயே இருக்கிறது. அரைகுறை மனப்பாடத்துக்கு 0 வராது, ஆனால் அந்த நாற்பது சொல்லால் ஒரு பைசா பிரயோஜனமும் இல்லை.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். அந்தப் பெண்ணிடம் தாளை மூடச் சொல்லிவிட்டு, "காரைத் தடை பண்ணலாமா? தமிழில் சொல்லு" என்றேன். அவள் வீடு எண்ணூர் பக்கம். "சார், எங்க ரோட்ல காரா பிரச்சனை? துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரி வரிசையா நிக்கும். ஆம்புலன்ஸ் நகர முடியாது. கார மட்டும் நிறுத்தி என்ன ஆகப்போவுது?" என்றாள். ஒரு மூச்சில் வந்தது. அதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். ஆறு வரி எழுதினாள். நாணயமும் இல்லை, இரண்டு பக்கமும் இல்லை.

பழைய பெஞ்ச்:
கேள்வி காரைப் பற்றி. அவள் லாரியைப் பற்றி எழுதினால் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை என்று அங்கேயே மார்க் போகும். சொந்தமாக எழுதவிட்டால் இதுதான் நடக்கும். அது போகட்டும், அந்த ஆறு வரியில் எத்தனை தப்பு? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

மாடி வகுப்பு:
ஒன்பது. நாலு இடத்தில் "தி" இல்லை. தமிழில் அப்படி ஒரு சொல்லே கிடையாது, கை எப்படித் தேடும்? "ஈவன் தோ" போட்டு ஆரம்பித்த வாக்கியத்தின் நடுவில் ஒரு "பட்". இருந்தாலும், ஆனால் என்று நாம் பேசுகிற மாதிரியே. ஒரு "டிஸ்கஸ் அபௌட்". மீதி மூன்றும் ஒருமை பன்மை. ஆனால் என்ன சொல்கிறாள் என்பது ஒரு வரியில்கூடக் குழம்பவில்லை. இலக்கணத்தில் 6 பேண்டுக்குத் தப்பு விஷயத்தில் அவர்கள் கேட்பது அவ்வளவுதான்: தப்பு இருக்கலாம், அர்த்தம் பெரும்பாலும் கெடக்கூடாது.

லாரி விஷயம் நீங்கள் சொன்னது நியாயம். கடைசியில் ஒரு வரி சேர்க்க வைத்தேன்: அதனால் காரை மட்டும் தடை செய்வதை நான் ஏற்கவில்லை என்று. இப்போது லாரி அவள் காட்டும் காரணம், கேள்விக்கும் பதில் இருக்கிறது.

நைட் டூட்டி:
ஒரு விஷயம் விட்டுப்போனது. "மோர்ஓவர்", "ஃபர்தர்மோர்" என்று வரிக்கு வரி போட்டால் கோர்வைக்கு மார்க் ஏறும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். நான் முதல் தடவை பதினாலு போட்டேன். மெஷின் அடித்த மாதிரி இணைப்புச் சொல் போட்டால் அதற்கும் குறைப்பார்கள். பேண்டை ஏற்றும் இருபது சொற்கள் என்று ஜெராக்ஸ் விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள்.

ஐஸ்பெட்டி:
நான் வாங்கிவிட்டேன் அக்கா. நாற்பது ரூபாய்.

பழைய பெஞ்ச்:
மாடி வகுப்பு, அந்தப் பெண்ணைப் போல வாயைத் திறந்து பேசுகிற பிள்ளைக்கு உங்கள் வழி சரி. "தமிழில் சொல்லு" என்றாலும் தலையைக் குனிந்து நிற்கிற பிள்ளைகளை நான் வருஷக்கணக்கில் பார்த்தவன். அவர்களுக்கு முதல் மாதம் ஒரு தொடக்க வரி கொடுப்பேன், மூன்றாம் மாதம் பிடுங்கிவிடுவேன். இதில் என் கருத்து மாறவில்லை.

அவள் எழுதியதைப் பெயர் தெரியாமல் போட்டோ எடுத்துப் போடுங்கள். அந்த நாலு "தி" எங்கே விட்டாள் என்று பார்க்க வேண்டும்.