எட்டு இலக்கக் குறியீடு இல்லாமல் கொள்முதல் கோரிக்கை நகரக்கூடாதா?

தீவுக்காரன்:
மலேசியாவில், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். ஐக்கிய நாடுகள் பொருள், சேவை வகைப்பாட்டின் (யுஎன்எஸ்பிஎஸ்சி) எட்டு இலக்கக் குறியீடு இல்லாத எந்தக் கோரிக்கையும் இனி நகராது என்று மேலிடம் சொல்லிவிட்டது. நான் ஆதரிக்கிறேன். எங்கள் பதிவேட்டில் ஒரே கையுறை 'நைட்ரைல் கிளவ்', 'சாருங் தாங்கான்' (மலாயில் கையுறை), 'நீலக் கையுறை எம்' என்று பல வேடங்களில் உலவுகிறது. ஆண்டு முழுவதும் கையுறைக்கு எவ்வளவு செலவழித்தோம் என்று தெரியாமல் விற்பனையாளரிடம் எதை வைத்து விலை பேசுவது?

பிறைப்பட்டறை:
தம்பி, அந்த விற்பனையாளர்களில் நானும் ஒருவன். உங்களுக்கு எட்டு இலக்கம். அரசுக்கு விற்க நிதியமைச்சில் பதிந்திருப்பதால் அங்கே ஆறு இலக்க 'கோட் பிடாங்', அதாவது துறைக் குறியீடு. சரக்கை இறக்குமதி செய்தால் சுங்கத்துக்குத் தனி எண். வருமான வரி வாரியத்தின் இ-இன்வாய்ஸில் (மின்-விலைப்பட்டியலில்) ஐந்து இலக்கத் தொழில் குறியீடு, அதோடு மூன்று இலக்கப் பொருள் வகை. ஒரு திருகாணிக்கு இத்தனை ஜாதகமா? மூன்று இலக்கத்தில் 022 என்றால் 'மற்றவை'. அதைப் போட்டுவிட்டு என் வேலையைப் பார்க்கிறேன்.

கணக்காளினி:
அண்ணா, ஒவ்வொன்றும் வேறு கேள்விக்கான பதில். சுங்கத்துக்கு வரி விகிதம் வேண்டும். அதனால் இரும்புத் திருகாணி சுங்கப் பட்டியலின் 7318-இல் வரும், பிளாஸ்டிக் திருகாணி 39-ஆம் அத்தியாயத்துக்குப் போய்விடும். வாங்குகிறவருக்கு இரண்டும் திருகாணிதான், இரண்டுக்கும் யுஎன்எஸ்பிஎஸ்சி-யின் முதல் ஆறு இலக்கமான 311615 போதும். நிதியமைச்சு கேட்பதோ நீங்கள் எதை விற்கப் பதிந்திருக்கிறீர்கள் என்பதை. எல்லாவற்றையும் ஓர் எண்ணில் அடக்க முடியாது.

பிறைப்பட்டறை:
ஏட்டில் சரி. குறியீட்டைத் தேர்ந்தெடுப்பது யார்? அவசரத்தில் இருக்கும் கிடங்கு ஊழியர். அதே நைட்ரைல் கையுறையைப் பராமரிப்புப் பிரிவு பாதுகாப்புக் கையுறை என்று 46181504-இல் போடும். ஆய்வகம் மருத்துவக் கையுறை என்று 42-இல் தொடங்கும் எண்ணில் போடும். இரண்டும் என் கடையிலிருந்து ஒரே லாரியில் வந்த பெட்டிகள். முன்பு பெயரால் சிதறிய செலவு இப்போது எண்ணால் சிதறுகிறது. ஆனால் எண்ணைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அதுதான் ஆபத்து.

தீவுக்காரன்:
கோருபவரிடம் தேர்வை விட்டால் அப்படித்தான் ஆகும். பொருள் பட்டியலில் கொள்முதல் பிரிவே ஒருமுறை குறியிட்டுப் பூட்டிவிட்டால், அவர் பொருளை மட்டும் தேர்ந்தெடுப்பார். அதோடு எல்லாவற்றுக்கும் எட்டு இலக்கம் தேவையில்லை, முதல் ஆறு இலக்கம் காட்டும் பொருள் வகுப்போடு நிறுத்தலாம்.

கணக்காளினி:
இங்கே உங்களோடு உடன்பட முடியவில்லை. திருகாணிக்கு ஆறு போதும் என்று நானே சொன்னேன். கையுறைக்குப் போதாது. 461815 என்பது பாதுகாப்பு உடைகள் மொத்தமும். மேலங்கியும் கையுறையும் ஒரே கூடையில் விழுந்தால் நீங்கள் தேடிய தொகை மறுபடி மறைந்துவிடும். எத்தனை இலக்கம் என்பதைப் பணம் எங்கே அதிகம் போகிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேஎல்_தணிக்கை:
பொருள்களைப் பற்றியே பேசுகிறீர்கள், சேவைகளை யாரும் தொடவில்லை. துப்புரவுக்கான எண் 76-இல் தொடங்கும், பூச்சி ஒழிப்பு 72-இல், தோட்டப் பராமரிப்பு 70-இல். மூன்றையும் ஒரே குத்தகையில் ஒரே மாதத் தொகையாகக் கொடுத்துவிட்டு எந்த எண்ணைப் போடுவீர்கள்? ஒப்பந்தத்திலேயே விலையை வரிவரியாகப் பிரிக்காவிட்டால் குறியீடு வெறும் அலங்காரம். இன்னொன்று, இந்த வகைப்பாடு 1998-இல் உருவானது முதல் பல பதிப்புகள் வந்துவிட்டன. பதிப்புக்குப் பதிப்பு சில எண்கள் நீக்கப்படுகின்றன, சில இடம் மாறுகின்றன. எந்தப் பதிப்பில் குறியிட்டீர்கள் என்று எழுதி வைக்காத நிறுவனத்தின் ஐந்தாண்டு ஒப்பீட்டை நான் நம்பமாட்டேன்.

பிறைப்பட்டறை:
தணிக்கை ஐயா சொன்னதை ஏற்கிறேன். தம்பியிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு வாடிக்கையாளர் விலைப்புள்ளியிலேயே குறியீட்டை என்னை நிரப்பச் சொன்னார். கடைசி இரண்டு இலக்கம் பொருந்தவில்லை என்று பணத்தை நிறுத்தி வைத்தார். சரக்கு போய்ச் சேர்ந்து கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. உங்கள் ஆய்வு வசதிக்கு என் கைக்காசு ஏன் முடங்க வேண்டும்?

தீவுக்காரன்:
முடங்கக்கூடாது, அண்ணா. குறியீடு எங்கள் கணக்குக்கு. பட்டுவாடாவை அதோடு முடிச்சுப் போடுவது தவறு.

பிறைப்பட்டறை:
அப்படியானால் அந்த வரியை உங்கள் கொள்முதல் விதிகளில் எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு எட்டு என்ன, பதினாறு இலக்கம் போட்டாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை.