ரப்பர் மீன் நீரில் சுழல்கிறது, வால் அடிப்பதில்லை: வழி சொல்லுங்கள்

கேள்வி (பாளையங்கோட்டை):
அனைவருக்கும் வணக்கம். இதுவரை மண்புழுவையும் உயிர்க்கெண்டையையும் முள்ளில் கோத்து விரால் பிடித்துவந்த நான், அண்மையில் செயற்கை இரையான, துடுப்பு வால் கொண்ட ரப்பர் மீன்களுக்கு மாறியிருக்கிறேன். ஏழடி ராடு (தூண்டில் கம்பு), நரம்பு சுற்றும் 3000 அளவு ரீல், பிரெய்டு (பின்னல்) நரம்பு, நான்கு அங்குல ரப்பர் மீன், பத்து கிராம் ஜிக் ஹெட் (எடைத் தலை சேர்ந்த முள்) ஆகியவை என்னிடம் உள்ளன. பாளையங்கால்வாய்ப் பாசனக் குளம் ஒன்றில், மீன்பாசி (மீன்பிடி உரிமை) ஏலம் எடுத்தவரிடம் அனுமதி பெற்று வீசுகிறேன். வேகமாக இழுத்தால் ரப்பர் மீன் பம்பரமாகச் சுழன்று நரம்பை முறுக்கிவிடுகிறது; மெதுவாக இழுத்தால் வால் அசையாமல் தரைக்குப் போய்ப் பாசியை அள்ளிக்கொண்டு வருகிறது. விரால் பின்னாலேயே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. கடையில் நிறத்தை மாற்றச் சொன்னார்கள், மாற்றியும் பயனில்லை.

மறுமொழி (அம்பாசமுத்திரம்):
தம்பி, நிறத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். சுழல்வதற்குப் பெரும்பாலும் காரணம், முள் உடலின் நடுக்கோட்டில் ஏறாததுதான். கோப்பதற்கு முன் ஜிக் ஹெட்டை ரப்பர் மீனின் பக்கவாட்டில் வைத்து, முள்ளின் வளைவு முதுகில் எந்த இடத்தில் வெளிவர வேண்டும் என்று நகத்தால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். மூக்கின் நட்ட நடுவில் முனையை நுழைத்து, முள்ளைத் தள்ளாமல், ரப்பரை முள்ளின் மேல் சிறிது சிறிதாக ஏற்றி, அந்தக் கோட்டிலேயே முனையை வெளியே எடுங்கள். கோத்த பின் மேலிருந்து பார்த்தால் மூக்கு முதல் வால் வரை நேராக இருக்க வேண்டும். நடுவில் எங்கேனும் ரப்பர் சுருங்கிப் புடைத்திருந்தாலும் வால் சரியாக அடிக்காது.

அடுத்தது எடை. முழங்கால் ஆழமும் இடுப்பளவு ஆழமும் உள்ள குளத்தில் பத்து கிராம் அதிகம். அது மூழ்கும் வேகத்துக்கு ஈடுகொடுக்கவே நீங்கள் வேகமாக இழுக்க வேண்டியிருக்கிறது. ஐந்து கிராமுக்கு இறங்குங்கள். அல்லியும் வேலம்பாசியும் உள்ள இடத்தில் ஜிக் ஹெட்டையே விட்டுவிட்டு, கழுத்து மடிந்த அகன்ற முள்ளைப் பயன்படுத்தி, அதன் முனையை முதுகுத் தோலுக்குள் மறைத்துக் கோக்க வேண்டும். அப்போது பாசி சிக்குவது பெரிதும் குறையும்.

வீசுவதற்கு முன் கரையோரத் தெளிந்த நீரில் ஒரு முழ தூரம் இழுத்துப் பாருங்கள். எந்த வேகத்தில் வால் இடமும் வலமும் அடிக்கத் தொடங்குகிறதோ, அதுவே உங்கள் வேகம். பிரெய்டு நரம்பு நீளாதது என்பதால், அந்தத் துடிப்பு ராடின் கைப்பிடி வரை தெரியும்.

மறுமொழி (புன்னைக்காயல்):
அண்ணாச்சி சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். வால் மடிந்துபோயிருக்கிறதா என்றும் பாருங்கள். வண்டிப் பெட்டியில் வெயிலில் கிடந்த ரப்பர் மீன், மடிந்த வடிவத்திலேயே நின்றுவிடும். வெந்நீரில் சில நொடிகள் முக்கி, நேராகப் பிடித்துக்கொண்டு, உடனே குளிர்ந்த நீரில் விட்டால் பழைய வடிவம் திரும்பும். வாங்கிய உறையிலேயே தட்டையாக வையுங்கள். இசட்மேன் நிறுவனத்தின் எலாஸ்டெக் என்ற தனிவகைப் பொருளால் ஆன மீன்களை மற்ற ரப்பர் மீன்களுடன் ஒரே பெட்டியில் போடவே கூடாது. இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் கழிமுகத்துக்குக் கொடுவாய் தேடி வருவதாக இருந்தால், பிரெய்டு நரம்பின் முனையில் தடித்த லீடர் நரம்பு (உராய்வு தாங்க முனையில் கட்டும் துண்டு நரம்பு) கட்டாயம் வேண்டும். கொடுவாயின் செவுள் மூடி கத்தி போன்ற கூர்மை உடையது. அதன் வாயும் நரம்பைத் தேய்த்துவிடும். அங்கே வால் மட்டும் வெட்டுப்பட்டு வந்தால், அது பேத்தை மீனின் வேலையாக இருக்கலாம். இடத்தை மாற்றுவதே நல்லது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. முள்ளை நேராகக் கோத்து, எடையைக் குறைத்ததும் சுழல்வது நின்றுவிட்டது. கைப்பிடியில் துடிப்பும் தெரிகிறது. ஆனால் முனையை மறைத்துக் கோத்தால், விரால் அடித்தும் முள் ஏறுவதில்லை. இன்னொன்று, விரால் குஞ்சுக் கூட்டத்தின் மேல் வீசினால் விரால் உடனே அடிக்கும் என்கிறார்களே, செய்யலாமா?

மறுமொழி (அம்பாசமுத்திரம்):
நீர் சுழித்தவுடன் வெட்டி (முள் ஏற ராடைச் சுண்டி) இழுக்காதீர்கள். ராடைத் தாழ்த்தி, தளர்ந்த நரம்பைச் சுற்றி, மீனின் கனம் கையில் தெரிந்த பிறகு ஓங்கி வெட்டுங்கள். விராலின் வாய் எலும்பு நிறைந்தது. முனை முதலில் ரப்பரைக் கடந்து, பின் அந்த வாயிலும் ஏற வேண்டும். ஆகவே முள்ளை அரத்தில் தீட்டி வைத்திருங்கள்.

குஞ்சுக் கூட்டத்தின் மேல் வீசவே வேண்டாம் தம்பி. செந்நிறக் குஞ்சுகள் மொய்த்துக்கொண்டு மேலே வருவதும் போவதுமாக இருக்கும் இடத்தில், தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கின்றன. அங்கே அடிக்கும் விரால் பசியால் அடிப்பதில்லை, காவலுக்காக அடிக்கிறது. அதைத் தூக்கிவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. மடையின் ஓரத்திலும், கருவேல மர நிழல் விழும் இடங்களிலும், வெயில் ஏறுவதற்கு முன் வீசிப் பாருங்கள். காவலில் இல்லாத விரால் அங்கே கிடைக்கும்.