முட்டி தசைநாண் வலிக்கு மசாஜ் உதவுமா?

என் மகனுக்கு 17 வயது, வாலிபால் ஆடுகிறான். இரண்டு மாதமாக வலது முட்டிச் சில்லுக்குக் கீழே வலி, விரல் வைத்தாலே துள்ளுகிறான், மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியை விடுவதே இல்லை. சில்லையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கும் தசைநாணில்தான் பிரச்சினை என்றார் டாக்டர். பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி சுவரில் முதுகைச் சாய்த்து, முட்டியை மடக்கி 45 விநாடி நிற்கிறான், ஒரு வேளைக்கு 5 தடவை.

அம்மா தினமும் நல்லெண்ணெயைச் சுடவைத்து வலிக்கிற இடத்திலேயே அழுத்தித் தேய்க்கிறார். இரவு சுகமாக இருக்கிறது, காலையில் பழையபடி வலி. தசைநாண் தேறப் பயிற்சிதான் முக்கியம், சரி. ஆனால் இறுகிக் கிடக்கும் தொடைத் தசைக்கு மட்டும் மசாஜ் செய்து பலன் கண்டவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை வாரம் ஆனது? சில்லுக்குக் கீழே தேய்ப்பதை நிறுத்தச் சொல்லட்டுமா? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், பையன் ரொம்பத் தவிக்கிறான்.