அப்பாவின் எண்ணுக்கு இன்னும் ரீசார்ஜ் செய்கிறேன்

அப்பா போய் ஏழு மாதம் ஆகிறது. பதினாறாம் நாள் காரியம் வரை வீடு நிறைய ஆட்கள். மறுநாள் காலை நானும் அம்மாவும், தவறிப்போய் மூன்றாவதாக ஆற்றிவைத்த ஒரு டம்ளர் காபியும்தான். அவர் எண்ணுக்கு மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறேன். அலுவலகத்தில் சிரித்துப் பேசுகிறேன். பஸ்ஸில் யாராவது தைலம் தடவினால் அழுகை முட்டுகிறது. துக்கத்துக்கு ஐந்து நிலைகள் என்கிறார்களே, நான் எதில் நிற்கிறேன்?

பதில் 1:
மனநல மருத்துவர் கூப்ளர்-ராஸ் 1969-இல் அந்த ஐந்தையும் (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு) எழுதியது, சாவை எதிர்நோக்கிய நோயாளிகளிடம் பேசிவிட்டு. வரிசையாக ஏறவேண்டிய படிக்கட்டு அல்ல. 1999-இல் ஸ்ட்ரோப், ஷூட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் சொன்னதுதான் உங்களுக்குப் பொருந்தும்: துக்கத்துக்கும் அன்றாட வேலைக்குமாக மனம் மாறி மாறிப் போய்வரும். சிரித்ததற்காகக் குறுகிப்போகாதீர்கள்.

பதில் 2:
தம்பி, என் கணவரின் செருப்பை வாசலிலிருந்து எடுக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. “மனதைத் தேற்றிக்கொள்” என்றவர்கள் முகம்கூட மறந்துவிட்டது. ஒன்றும் பேசாமல் முருங்கைக்கீரை உருவிக்கொடுத்துவிட்டுப் போன பக்கத்து வீட்டுப் பெண் மறக்கவில்லை. ரீசார்ஜ் செய்யுங்கள், யாருக்கு என்ன நஷ்டம்?

பதில் 3:
தூக்கமும் சாப்பாடும் அற்றுப்போனாலோ, வாழ்வே வேண்டாம் என்று தோன்றினாலோ தள்ளிப்போடாமல் 14416-ஐ அழையுங்கள். அரசின் மனநல உதவி எண், டெலி மனஸ். கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

கேட்டவர்:
அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தக் கைபேசியை இரவில் சார்ஜில் போடுவது அவர்தானாம். இத்தனை நாள் எனக்குத் தெரியாது.