தங்கையை அடித்துவிட்டு அவனே போய் ‘டைம் அவுட்’ நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறான்

கேள்வி:
என் மகனுக்கு நான்கு வயது. ஒன்றரை வயதுத் தங்கையைக் கடிப்பதும் அடிப்பதும் அன்றாடம் நடப்பதால், நான் அவன் மேல் கை நீட்டக் கூடாது என்ற முடிவோடு, இரண்டு வாரங்களாக ‘டைம் அவுட்’ என்று அவனைக் கூடத்து நாற்காலியில் சற்று நேரம் தனியே உட்கார வைக்கிறேன். நான் அருகில் நின்று, ஏன் அடிக்கக் கூடாது என்று விளக்குகிறேன். அவன் அழத் தொடங்கினால் மாமியார் பிஸ்கட்டுடன் வந்துவிடுகிறார். இப்போதெல்லாம் அடித்த கையோடு அவனே போய் அமர்கிறான். இந்த முறையே வீணா?

பதில் 1:
பிஸ்கட், பாட்டி, தங்கையை விட்டுவிட்டுத் தன்னிடமே பேசும் அம்மா, மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும்போது அவன் ஏன் போக மாட்டான்? அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்டாட்ஸ் 1960-களின் தொடக்கத்தில் தம் மகளிடம் ‘டைம் அவுட்’ முறையைக் கையாண்டபோது, குழந்தைக்கு இன்பம் தரும் கவனிப்பைச் சற்று நேரம் நிறுத்தி வைப்பதே நோக்கமாக இருந்தது. நாற்காலி அதற்கு ஓர் இடம் மட்டுமே. “அடித்தாய், அதனால் இங்கே உட்கார்” என்ற ஒரே வாக்கியத்துக்குப் பின் யாரும் பேசக் கூடாது. வயதுக்கு ஒரு நிமிடம் என்ற வழக்கப்படி உங்கள் மகனுக்கு நான்கு நிமிடங்கள் போதும். முடிந்ததும் பழையதைக் கிளறாமல் விளையாட விடுங்கள். அவன் தங்கையோடு சண்டையின்றி இருக்கும் வேளைகளில் அதைக் கவனித்துப் பாராட்டுவதும் இதில் பாதி வேலை. பலரும் அதை மறந்துவிட்டு நாற்காலியை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள்.

பதில் 2:
எனக்கு இம்முறையில் முழு உடன்பாடில்லை. தனிமைப்படுத்துவது குழந்தையைப் புண்படுத்தும் என்று அமெரிக்க மனநல மருத்துவர் டேனியல் சீகலும் உளநல ஆலோசகர் டினா பிரைசனும் 2014-இல் அமெரிக்காவின் ‘டைம்’ இதழில் எழுதினார்கள். கோபத்தோடு தவறாகப் பயன்படுத்துவதையே தாங்கள் குறை கூறியதாகப் பின்னர் அவர்களே விளக்கியதையும் சொல்லிவிட வேண்டும். என் மகள் அழுகையில் மூச்சு வாங்குமளவுக்குப் போய்விடுவாள். அந்நிலையில் அவளைத் தனியே விடாமல், பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். தங்கை பிறந்த பிறகு உங்கள் மகனுக்கென்று தனியாக எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
உண்மையில் மிகக் குறைவு. இரவில் கதை சொல்வதுகூட நின்றுவிட்டது. அதை இன்றே மீண்டும் தொடங்குகிறேன். நான் வாயை மூடிக்கொள்வது எளிது. மாமியாரிடம் எப்படிச் சொல்வது?

பதில் 1:
தடுக்காதீர்கள், வேறு வேலை கொடுங்கள். அந்த நான்கு நிமிடமும் அடிபட்ட பேத்தியைத் தூக்கி ஆறுதல்படுத்துவது அவர் பொறுப்பு என்று சொல்லுங்கள். என் அம்மாவிடம் அது பலித்தது.